தண்ணீர் குடிக்காத வண்டி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. மலைப்பக்கம் மட்டும் மேகம், மழை இல்லை.

ஹென்றி பாஸ் பட்டறை வாசலில் வந்து நின்றார். 15ஆம் தேதி சனிக்கிழமை ஏதோ ஒரு கம்பெனிக் கூட்டம் வருகிறதாம், நிறைய பேர். காட்டுச் சவாரிக்கு விடும் நாலு சக்கர வண்டி, ஏ.டி.வி., எட்டும் ஓடவேண்டும். ஓடுவது ஏழு. நாலாம் நம்பர், நா.4, அக்டோபர் 11லிருந்து தார்ப்பாய்க்குள். ஒரு வாரத்தில் முடியுமா என்றார். முடியும் என்றேன். எப்படி என்று தெரியாது.

தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே தவளை. சீட்டெல்லாம் பூஞ்சணம். பாட்டரி செத்துவிட்டது.

மூன்று வாரமாக இதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன். அன்று தனபால் அண்ணேதான் வழிகாட்டி. நா.4ஐ அவர் ஓட்ட, பின்னால் இரண்டு வண்டியில் சிங்கப்பூர்க்காரர்கள், புருஷன் பெண்டாட்டி. பழைய ரப்பர்த் தோட்டத்து ஓடையைக் கடக்கும்போது நா.4 நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண் பதறிப்போய் வண்டியோடு சாய்ந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கத்தல், அழுகை, போலீசுக்குப் போவேன் என்ற மிரட்டல்.

ஓடைப் பாறையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றால் யாரும் இறங்கக் கூடாது. கோட்டுக்குக் கீழேதான் நின்றது, பாதி டயர் கூட நனையவில்லை என்று அண்ணே சொன்னார். வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். பாஸ் என்னைப் பார்த்தார். நான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சுற்றியது, பற்றவில்லை. என்ஜினுக்குக் காற்று போகும் ஏர் பெட்டி வெளியே ஈரம். "தண்ணி குடிச்சிருக்கு பாஸ்" என்றேன். ஐந்து நிமிடம் கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அப்படியானால் அண்ணே கோட்டுக்கு மேல்தான் இறக்கியிருக்கிறார் என்று ஆகிவிட்டது. மறுநாள் அவருக்கு வேலை போனது. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது.

நவம்பர் 5, புதன்

பாட்டரி சார்ஜ் ஆகிவிட்டது. வேலை வரிசை: பிளக், பொறி, பெட்ரோல், அழுத்தம்.

பிளக் காய்ந்து கிடக்கிறது. பொறி நன்றாக நீலமாக வருகிறது. பெட்ரோல் வருகிறது. அப்படியானால் அழுத்தம்தான். பிளக் ஓட்டையில் கேஜைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு சுற்றவிட்டேன். 65. இன்னொரு முறை, 65. புத்தகத்தில் 140 என்று போட்டிருக்கிறது. காற்றைப் பிடித்து வைக்காத என்ஜின் எப்படிப் பற்றும்.

முதலில் வால்வு இடைவெளியைப் பார்த்தேன். வால்வு சரியாக மூடாமல் இருந்தால் கால் மணி நேர வேலை, முடிந்துவிடும். அதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அளந்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

பிறகு ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெயைப் பிளக் ஓட்டையில் ஊற்றி மறுபடி சுற்றினேன். 110க்கு ஏறியது. எண்ணெய் போய் இடுக்கை அடைத்ததும் அழுத்தம் ஏறுகிறது என்றால் கசிவு ரிங் பக்கம்தான். பிஸ்டன், ரிங், சிலிண்டர். எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும்.

சாயங்காலம் என்ஜின் எண்ணெயை ஒரு சட்டியில் வடித்தேன். தண்ணீர் போயிருந்தால் பால் கலந்த தேத்தண்ணீர் மாதிரி வரும். கறுப்பாக வந்தது. வெயிலில் காட்டினால் ஈயம் மாதிரி ஒரு மினுக்கம். பால் நிறம் இல்லை. துளி கூட இல்லை.

சட்டியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். கொசு கடித்துக்கொண்டே இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

விடிகாலை மழை. கோப்பெங் மார்க்கெட்டில் சாந்தி அக்கா, தனபால் அண்ணேயின் மனைவி. அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, மீன் வாங்கியாச்சா" என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். வாங்க வந்ததை வாங்காமல்.

பட்டறைக்கு வந்து ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு என்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். வால்வை ஓட்டும் சங்கிலி உள்ளே விழாமல் கம்பி போட்டுக் கட்டினேன். சிலிண்டரை மேலே உருவினேன்.

சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். நகத்தால் தடவினால் தட்டுகிறது. பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையிலும் அப்படியே. ரிங்கை எடுத்து சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியைப் பார்த்தேன், என் கட்டைவிரல் நகம் நுழைகிறது. துரு எங்கும் இல்லை. தண்ணீர் போன என்ஜினாக இருந்தால் மூன்று வாரத்தில் துரு பூத்திருக்கும், கனெக்டிங் ராடு வளைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ராடு நேராக இருக்கிறது.

இது தண்ணீர் இல்லை. மண். ஏர் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டர் சுத்தமாக, எண்ணெய் பூசி, அழகாக இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டிக் கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் விரலை விட்டேன். விரல் சிவப்பாக வந்தது. செம்மண், மாவு மாதிரி. குழாயைக் கார்பரேட்டரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப் பின்பக்கம் மறைவில் இருக்கிறது, தேடினால்தான் தெரியும். கையை விட்டுத் தொட்டேன். விரலாலேயே சுற்றியது.

இறுக்கவே இல்லை. அந்த இடுக்கு வழியாகப் புழுதி நேராக என்ஜினுக்குள் போயிருக்கிறது, நாள் கணக்காக.

துணி எடுத்துக் குழாயைத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் யோசித்தேன், ஏன் துடைத்தேன். படம் கூட எடுக்கவில்லை. துணியைக் குப்பை டிரம்மில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

தூக்கம் சரியில்லை. கழுவி வைத்த அரிசியை மறந்துபோய் மறுபடி கழுவினேன்.

சர்வீஸ் புத்தகம். நா.4, ஆகஸ்ட் 14, கார்ப். கழற்றிச் சுத்தம் செய்தது, கையெழுத்து க. கலா, நான்தான். அதற்குப் பிறகு யாரும் கார்பரேட்டரைத் தொடவில்லை. ஃபில்டரை மட்டும் வாராவாரம் கழுவுகிறார்கள், அதற்குக் கிளிப்பைத் தொட வேண்டியதில்லை.

அன்று பள்ளியிலிருந்து போன் வந்தது. மகள் யாழினி திடலில் மயங்கி விழுந்துவிட்டாள், உடனே வாருங்கள் என்று. ஸ்க்ரூ டிரைவரைச் சீட்டிலேயே போட்டுவிட்டு ஈப்போவுக்கு ஓடினேன். மறுநாள் வந்து பார்த்தபோது கார்பரேட்டர் மாட்டியிருந்தது. நானே மாட்டியதுதான். கேபிள் மட்டும் பாக்கி என்று நினைத்து அதைப் போட்டு, டிக் போட்டு, அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மழை குறைவு. செம்பனை எண்ணெய்த் தோட்டத்துப் பாதையில் முன்னால் போகிற வண்டி தெரியாத அளவுக்குப் புழுதி. ஒவ்வொரு சவாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் சூடு ஏறி, ஓடையில் வேகத்தைக் குறைத்தபோது மூச்சு நின்றுவிட்டது. வேறு எங்கேயும் நின்றிருக்கலாம். மேட்டில் நின்றிருக்கலாம். தண்ணீரில் நின்றது.

கமுந்திங் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மெஷின் பார்த்தேன். திறக்காமல் காரணம் எழுதாதே என்று புதிதாக வருகிறவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ரவி தெலுக் இந்தானிலிருந்து போன் செய்தார், செம்பனை ஆலைக்கு வெளியே லோரியோடு வரிசையில் நிற்கிறாராம். சொன்னேன். லோரியின் என்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரு பாத்தா? நீதானே தொறந்த. தேய்மானம்னு எழுதிட்டு போ. உனக்கும் வேல போச்சின்னா என்ன செய்யிறது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னதை நான் இன்று பொழுது முழுக்க யோசித்தேன் என்பதையும் எழுதி வைக்கவேண்டும்.

நவம்பர் 8, சனி

சவாரி நாள். ஹெல்மெட் கொடுப்பது, வண்டி கழுவுவது. நா.4 பிரித்தபடி மேசையில். சிலிண்டர் மேல் செய்தித்தாள் போட்டு மூடினேன், யாரும் கேட்கவில்லை.

தனபால் அண்ணே இடத்துக்கு வந்திருக்கும் புது வழிகாட்டி சவாரிக்காரர்களுக்கு விதிமுறை சொல்லிக்கொண்டிருந்தான். ஓடையில் என் பின்னாலேயே வாருங்கள், போன மாதம் ஒருவர் போதையில் இறக்கி வண்டியையே மூழ்கடித்துவிட்டார் என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

போதையில் என்று யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் சொல்கிறார்கள் அக்கா என்றான்.

நான் சொன்னது தண்ணி குடிச்சிருக்கு என்று. வண்டியைச் சொன்னேன். அது ஊருக்குள் போய் என்னவாகத் திரும்பி வந்திருக்கிறது.

மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலேயே வண்டி கழுவப் போனேன்.

நவம்பர் 10, திங்கள்

ஈப்போ. சிலிண்டரையும் பழைய பிஸ்டனையும் போரிங் கடைக்கு, சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கும் இடத்துக்கு, கொண்டுபோனேன். கடைக்கார அங்கிள் சீனர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிலிண்டரைச் சன்னல் பக்கம் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தார். "மக்கான் பாசிர்" என்றார். மண் தின்றிருக்கிறது. ஐந்து நொடி. தண்ணீரா என்று கேட்டேன், வேண்டுமென்றே. நீ மெக்கானிக்தானே, உனக்குத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தார்.

அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கு ஏற்ற பிஸ்டன் போடவேண்டும். பிஸ்டன், ரிங், பின் எல்லாம் கடையிலேயே இருக்கிறது. கேஸ்கெட் செட் பக்கத்துத் தெருவில் கிடைத்தது. புதன் காலை வரச் சொன்னார்.

பழைய பிஸ்டனை அங்கேயே போட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாம், கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில்தான் அந்த உயரமான குடியிருப்பு, தனபால் அண்ணே இப்போது ஜாகாவாக, வாசல் காவலுக்கு இருப்பது. காரை மெதுவாக்கினேன். வாசல் காவல் குச்சுக்குள் நீலச் சட்டை தெரிந்தது. நிறுத்தவில்லை. திரும்பும் வழியில் சிம்பாங் பூலாய் வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 12, புதன்

சிலிண்டர் வந்துவிட்டது. உள்சுவரில் புதிதாகத் தேய்த்த ஹோனிங் கோடுகள், வலை மாதிரி. பாஸ் பார்க்க வந்தார். அழகா இருக்கு லா என்றார்.

சொல்லிவிட்டேன். முன்கூட்டியே யோசித்து வைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை. பிஸ்டனைக் காட்டி, கிளிப்பைக் காட்டி, புத்தகத்தில் என் கையெழுத்தைக் காட்டினேன். தண்ணீர் போகவில்லை, தனபால் அண்ணே சொன்னது சரி, நான்தான் கிளிப்பை இறுக்காமல் விட்டேன், நான்தான் திறந்து பார்க்காமல் சொன்னேன்.

பாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இத யாருகிட்டயும் சொன்னியா?"

"வீட்டுல மட்டும்."

"அப்ப விடு. புது ஆளு வந்தாச்சி. தேய்மானம்னு எழுது. அவருக்கும்தான் வேல கெடச்சிருச்சே."

"குடிச்சிட்டு எறக்குனாருன்னு சவாரிக்கு வர்றவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காங்க பாஸ்."

அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. முகம் மாறியது. ஆனால் தொப்பியைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். போலீஸ் என்றதும் பயந்துபோய் அன்று அவசரப்பட்டவர். என்னை நம்பி அவசரப்பட்டவர்.

பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு வேலையிடத்துப் புலன, வாட்ஸ்அப், குழுவில் எழுதினேன். நா.4 நின்றது தண்ணீரால் இல்லை, என் சர்வீஸ் தவறு, தனபால் அண்ணே மேல் ஒரு தப்பும் இல்லை, இப்படிக்கு கலா. அனுப்பினேன். எல்லோரும் பார்த்ததாகக் காட்டியது. ரிங்கைத் தொடாமல் அப்படியே வைத்தேன். போய் இரண்டு வண்டி கழுவினேன்.

தனபால் அண்ணேயைக் குழுவிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டார்கள். அவருக்கு இது போகாது.

நவம்பர் 13, வியாழன்

என்ஜினைப் பூட்டும் நாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

சிலிண்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும் வரை. ஆறு முறை. ரிங் வாய்களை மூன்று பக்கம் திருப்பி வைத்தேன். பிஸ்டனின் ‘பின்’னைப் பிடிக்கும் சின்னக் கிளிப் ஒன்று துள்ளிப் பறந்துவிட்டது, அரை மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினேன், என் சட்டைப் பையில் இருந்தது. வால்வை அரைத்து உட்காரவைத்தேன். சங்கிலிக் குறி சரி. ஹெட் போல்ட் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தவணையில். ஒவ்வொன்றையும் இறுக்கியதும் வெள்ளை மையால் கோடு போட்டேன்.

ரப்பர்க் குழாய்க் கிளிப். இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். சாப்பிடப் போய்விட்டு வந்து மறுபடி ஆட்டிப் பார்த்தேன். வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போனேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

காலை 9.20க்கு நா.4 பற்றியது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. சூடாக்கி, ஆறவிட்டு, சூடாக்கி, ஆறவிட்டு மூன்று முறை. பிறகு பழைய தோட்டத்து வீட்டு வரிசை, லயத்துப் பாதையில் மெதுவாக ஒரு சுற்று. எண்ணெயை மாற்றினேன். அழுத்தம் 135. இன்னும் கொஞ்சம் ஓடினால் ரிங் படிந்து ஏறிவிடும்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பாஸ் வந்தார். இனிமேல் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். சரி என்றேன். போகும்போது திரும்பி, தனபாலுக்கு நான் போன் பண்ணிக்கிறேன் என்றார். நான் முதலில் போய்ச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குப் பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஈப்போ போனேன். இந்த முறை நிறுத்தினேன். அண்ணே குச்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நின்றுகொண்டே சொன்னேன். பிஸ்டனை மேசையில் வைத்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப தண்ணி கோட்டுக்கு கீழதான் நின்னிச்சா?"

நான் அங்கே இல்லை அண்ணே, ஆனால் என்ஜினுக்குள் ஒரு சொட்டு போகவில்லை என்றேன்.

"நானே நம்பிட்டேன் கலா. மொத நாளு கோட்ட பாத்தது நல்லா ஞாபகம் இருந்திச்சி. நீங்க எல்லாரும் சொல்லச் சொல்ல, மேலதான் நின்னிச்சோன்னு ஆயிருச்சி. இப்ப கண்ண மூடுனா கோடே தெரியல, தண்ணிதான் தெரியுது. அந்த பொண்ண நான்தான் கொண்டுபோயி தள்ளுனேன்னு நெனச்சேன்."

ஒரு கார் வந்தது. எழுந்து போய் வாசல் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி, சல்யூட் வைத்து, திரும்பி வந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீறலைக் கட்டைவிரலால் தேய்த்தார். ஹென்றி பாஸ் கூப்பிடுவார் என்றேன். யோசிக்கிறேன் என்றார். பிறகு பிஸ்டனை என் கையில் கொடுத்தார்.

"எங்கிட்ட சொன்னது சரி. சாந்திகிட்ட போயி சொல்லு. குடிச்சிட்டு எறக்கிட்டேன்னு நெனக்கிறா. ஆறு வருசமாச்சி நான் அத தொட்டு. ஒண்ணும் கேக்க மாட்டா. வேல முடிஞ்சி போனா சட்டைய வாங்கி மோந்து பாக்குறா, தெனமும். நான் சொன்னா எடுபடாது."

நாளைக்கே போகிறேன் என்றேன். நாளைக்குக் கூட்டம் வருகிறது என்பது காரில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நவம்பர் 15, சனி

கூட்டம். எட்டு வண்டியும் ஓடின. சேறு, சத்தம், ஒருவர் செருப்பைத் தொலைத்துவிட்டார். புது வழிகாட்டி ஓடைக் கதையைச் சொல்லவில்லை, என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சாயங்காலம் சாந்தி அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். களைப்பு என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. களைப்பு இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். பதினொரு மணிக்குப் போனேன். சாந்தி அக்கா அடுப்படியில், கதவு திறந்தே இருந்தது. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். கிளிப், புழுதி, ரிங், யாழினி மயங்கி விழுந்தது, எல்லாம். யாழினியைச் சொல்லியிருக்க வேண்டாம், சாக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

அக்கா கரண்டியைக் கழுவினார். ஏற்கனவே கழுவிய கரண்டி.

"அவரு சாமி மேடையில கைய வச்சி சொன்னாரு. நான் நம்பல. கலா எதுக்கு பொய் சொல்லப் போவுது, மெக்கானிக்குக்கு தெரியாதான்னு அவர்கிட்டயே கேட்டேன்."

"பொய் சொல்லல அக்கா. பாக்காம சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சரி என்றேன்.

அடுப்பை அணைத்தார். போனை எடுத்து அடித்தார். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாதாம், ஏழு மணிக்குத்தான் முடியும். மறுபடி அடித்தார். மறுபடி. பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக நேராக.

"காருலதான வந்த?"

ஆமாம் என்றேன். சேலை மாற்றவில்லை. தலையை மட்டும் அள்ளி முடிந்துகொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். ஈப்போவுக்கு ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். மடியில் கை, கையில் போன், வாய் இறுக மூடியிருந்தது.

குடியிருப்பு வாசலில் நிறுத்தினேன். அண்ணே ஒரு டெலிவரிக்காரருக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கிக் கதவைக்கூடச் சாத்தாமல் போனார். அண்ணே தலையைத் தூக்கியதும் பதறி எழுந்தார், வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும். அக்கா குச்சுக்கு வெளியிலேயே நின்றார். பேசினாரா என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணே மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, கம்பத்தைத் தூக்க ஆளில்லை.

நான் இறங்கவில்லை. கையை நீட்டிப் பின்கதவைச் சாத்தினேன். முதல் தடவை சரியாகச் சாத்தவில்லை.